உமி காத்த மணி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நெல்லின் உமியை உவமையாகக் கொண்டு ஔவையார் மூதுரையில் ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறார். உமியை எவரும் உண்பதில்லை. ஆயினும் அதனை இழந்த அரிசி விதையாவதில்லை. நெற்களம் கண்ட தமிழர்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. கோதுமைக்கு இது பொருந்துமா என்று வினவினால், பொருந்தாது என்றே பலரும் கூறக்கூடும். கடையில் அளந்து தரப்பெறும் கோதுமை உமியற்ற மணி. கதிரை அடித்த அளவிலேயே அதன் உமி கழன்று, தூற்றும்போது காற்றோடு போய்விடுகிறது. உரலும் உலக்கையும் அதற்கு வேண்டுவதில்லை.

ஆனால் கோதுமை தொடக்கத்தில் இவ்வாறு இருந்ததன்று. மனிதன் முதன்முதலாகப் பயிரிட்ட கோதுமைகள் நெல்லைப் போன்றே உமி போர்த்தவை. உமி போர்த்த கோதுமைகளுள் மூன்று இனங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. சிறுகதிர் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே மணி கொண்ட ஐன்கார்ன் ஒன்று. ஜெர்மன் மொழியில் அப்பெயருக்கே ‘ஒருமணி’ என்பதுதான் பொருள். இரண்டு மணி கொண்ட எம்மர் மற்றொன்று. தமிழ்நாட்டுக் கடைகளில் சம்பா கோதுமை என்றும், மராட்டியத்தில் கப்ளி என்றும் வழங்குவது இதுவே. மூன்றாவது ஸ்பெல்ட், ஜெர்மானிய மக்கள் டிங்கல் என்பர். இம்மூன்றின் கதிரையும் அடித்தால் மணி வெளிவருவதில்லை. சிறுகதிர்கள் உமியோடு உதிர்கின்றன. அவற்றை மீண்டும் குத்தியோ உமி நீக்கும் கல்லில் இட்டோதான் மணியைப் பெறவேண்டும்.

இவ்வினங்களைப் பற்றிய ஆய்வு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. உழைப்பு மிகுதி என்று மனிதன் ஒதுக்கிய பயிர், பின்னொரு நாளில் அவன் உணவையே காத்தது என்பது அவ்வாய்வு உணர்த்தும் செய்தி. இவ்வுரை அச்செய்தியின் வழியே செல்வது.

முதலில் இவற்றின் பிறப்பிடம். 1873-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பிரீட்ரிக் கோர்னிக்கே, வியன்னா அருங்காட்சியகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் ஒரு கதிர்த்துண்டைக் கண்டார். 1855-இல் எர்மோன் மலைச்சாரலில் தியோடோர் கோட்ஷி என்பார் திரட்டிய காட்டு வாற்கோதுமையோடு அது கலந்து கிடந்தது. பயிர்க் கோதுமையின் காட்டு மூதாதை அதுவே எனக் கோர்னிக்கே கருதினார். ஆயினும் உயிரோடு நிற்கும் அச்செடியைக் கண்டு சொல்வார் இல்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1906-இல், ஆரன் ஆரன்சோன் என்னும் வேளாண் அறிஞர் கலிலேயாவின் மேற்பகுதியில் ரோஷ் பினா என்னும் ஊரருகே, ஒரு பாறைப் பிளவில் அது தனித்து நிற்பதைக் கண்டார். பின்னர் எர்மோன் சரிவுகளில் அது திரளாக விளைந்திருப்பதையும் கண்டார். இதுவே காட்டு எம்மர்.

காட்டுக் கோதுமையின் கதிர் முதிர்ந்தவுடன் கணுக்கணுவாக உடைந்து சிதறும். சிதறினால்தான் அதன் வித்து பரவும்; குலம் தழைக்கும். அருமையாக ஏதேனும் ஒரு செடியின் கதிர் மட்டும் பிறவி மாற்றத்தால் உடையாமல் நிற்கும். காட்டில் அது குறை. அறுக்க வந்தவனுக்கு அதுவே பேறு. உடையாத கதிர்களே மிகுதியாகக் கையில் சேர்ந்தமையால், அவையே மறுபடி விதைக்கப்பட்டன. பல நூறு தலைமுறைகளில், மனிதன் அடித்தாலன்றி உதிராத கோதுமை உருவாயிற்று. இம்மாற்றத்தின் சுவடு கரிந்த மணிகளோடு கிடைக்கும் சிறுகதிர் அடிகளில் இன்றும் காணத்தக்கது. தானே உதிர்ந்ததன் தழும்பு மழமழப்பாக இருக்கும். அடித்து முறிக்கப்பட்டதன் தழும்பு கரடுமுரடாக இருக்கும். அகழ்வாய்வு அறிஞர் நுண்நோக்கியின் கீழ் அத்தழும்பைப் பார்த்தே, காடு எங்கே முடிந்தது, வயல் எங்கே தொடங்கியது என்று கணிக்கின்றனர். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது.

1966-இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஜாக் ஹார்லன், துருக்கியின் தென்கிழக்கே கரஜதாக் மலைச்சரிவில் காட்டு ஐன்கார்னைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்தார். பழங்கால முறைப்படி சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாள் ஒன்றையும் பயன்படுத்தினார். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ தூய மணிக்கு ஈடான விளைவு கிட்டியது. கதிர் முதிரும் மூன்று வாரக் காலத்தில் ஒரு குடும்பம் ஓராண்டுக்கு உண்பதற்கும் மிகுதியாகத் திரட்டிவிடலாம் என அவர் கணக்கிட்டார். உழவுக்கு முன்பே அறுவடை இருந்தது என்பதனை ஒருவர் வியர்வை சிந்தி மெய்ப்பித்த நிகழ்ச்சி இது. 1997-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, பயிர் ஐன்கார்னுக்கு மிக நெருங்கிய காட்டு உறவு அதே கரஜதாக் மலையில் நிற்பதாகக் காட்டிற்று. எனினும் கோதுமை ஒரே இடத்தில், ஒரே காலத்தில் வயலுக்கு வந்ததென்னும் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் தளர்த்தியுள்ளன. பல இடங்களில், மெல்ல மெல்ல நிகழ்ந்ததென்பதே இன்று மிகுதியாக ஏற்கப்படுவது.

இவ்வாறு வயலுக்கு வந்த உமிக்கோதுமைகள் பல்லாயிரம் ஆண்டுகள் கோலோச்சின. பண்டை எகிப்தின் அப்பமும் பீரும் எம்மரால் ஆனவை. 1991-இல் ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பெற்ற, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் இரைப்பையில் ஐன்கார்ன் இருந்தது. ரோமானியர் எம்மரை ‘ஃபார்’ என்றனர். அவர்தம் உயர்குடித் திருமணச் சடங்கொன்றில் அத்தானிய அப்பத்தை மணமக்கள் படைத்து உண்டனர். ‘ஃபார்’ என்னும் அச்சொல்லிலிருந்தே மாவைக் குறிக்கும் ‘ஃபரினா’ பிறந்தது. பயிர் வயலைவிட்டு அகன்ற பின்னும் சொல் அடுக்களையில் தங்கிவிட்டது.

உமியற்ற கோதுமை பரவியபோது பழைய இனங்கள் ஏன் பின்னடைந்தன என்பதற்கு ஒரு விலைப்பட்டியலே சான்று. கி.பி. 301-இல் ரோமப் பேரரசன் டயோகிளீஷியன் பொருள்களுக்கு உச்ச விலை விதித்து ஆணையிட்டான். ஓர் அளவு கோதுமைக்கு 100 தினாரியம். உமி நீக்கிய ஸ்பெல்ட்டுக்கும் 100. உமியோடு கூடிய ஸ்பெல்ட்டுக்கோ 30 மட்டுமே. இடைப்பட்ட 70-இல் உமியின் பருமன் ஒரு பங்கு. குத்திப் புடைத்த கைகளின் உழைப்பு மறு பங்கு. அவ்வுழைப்பை வேண்டாத கோதுமை கிடைத்தபோது உழவன் எதனை நாடினான் என்பது சொல்லாமலே விளங்கும்.

உமி கழலாமைக்கும் கழல்வதற்கும் காரணமான மரபணுக்களுள் தலையாயது ‘க்யூ’ என்னும் எழுத்தால் குறிக்கப்பெறுவது. 2006-இல் அதனைப் பிரித்தறிந்தபோது, பெரும் விளைவுக்குக் காரணமான வேறுபாடு மிகச் சிறிது எனத் தெரிந்தது. அம்மரபணு ஆக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பாட்டில் ஓரெழுத்து திரிந்து பொருளே மாறுவதைக் கண்ட கவிஞர்களுக்கு இது வியப்பளிக்காது.

இனி, இவ்வினங்களின் உறவுமுறை. 1918-இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் டெட்சு சகமுரா என்பார் கோதுமை இனங்களின் குரோமோசோம்களைச் செவ்வனே எண்ணினார். ஐன்கார்னுக்கு 14, எம்மருக்கு 28, ஸ்பெல்ட்டுக்கும் அப்பக் கோதுமைக்கும் 42. ஏழேழாய் அடுக்கிய இவ்வெண்கள், ஒன்றோடொன்று கலந்து வளர்ந்த குடும்பம் இது எனக் காட்டின. எம்மரோடு 14 குரோமோசோம் கொண்ட வேறொரு செடி கலந்தே 42 வந்திருத்தல் வேண்டும். அந்தச் செடி யாது என்பதே பல்லாண்டுகள் விடை காணாதிருந்த வினா.

விடை 1944-இல் வந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் போர்முனையில் எதிரெதிரே நின்ற ஆண்டு அது. கியோட்டோவில் ஹிட்டோஷி கிஹாராவும், அமெரிக்காவில் எட்கர் மெக்ஃபேடன், எர்னெஸ்ட் சியர்ஸ் இருவரும், ஒருவர் பணியை மற்றவர் அறியாமலேயே, ஒரே களைப்புல்லைச் சுட்டினர். கோதுமை வயல்களின் ஓரத்தில் தழைக்கும் ஈஜிலாப்ஸ் என்னும் புல்லினத்தைச் சேர்ந்தது அது. அமெரிக்க அறிஞர்கள் காட்டு எம்மரை அப்புல்லோடு கலந்து, கோல்கிசின் என்னும் மருந்தால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினர். பிறந்த செடியின் கதிர், உமி போர்த்த ஸ்பெல்ட்டின் கதிரையே ஒத்திருந்தது. உழவன் பிடுங்கி எறிந்த களை உலகின் அப்பத்திற்குப் பெற்றோருள் ஒன்றென அன்று தெரிந்தது. ஸ்பெல்ட்டே முதலில் தோன்றி அதிலிருந்து உமியற்ற கோதுமை பிரிந்ததென அவர்கள் கருதினர். ஐரோப்பிய ஸ்பெல்ட்டைப் பொறுத்தவரை இம்முடிவைப் பின்வந்த மரபணு ஆய்வுகள் திருத்தின. உமியற்ற கோதுமை எம்மரோடு மீண்டும் கலந்ததால் பிறந்ததே அது என்பது இன்றைய கருத்து.

அந்த மெக்ஃபேடனின் வாழ்வில் முன்னொரு நிகழ்ச்சி உண்டு. கோதுமையின் தீராப் பகை தண்டுத் துருநோய். பூசணத்தால் வருவது, தண்டில் செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடித்து, மணி பாலேறாமல் சுருங்கிப் பதராகும். 1916-இல் அந்நோய் அமெரிக்காவிலும் கனடாவிலும் வசந்தக் கோதுமையை அழித்தது. தெற்கு டகோட்டாவில் அப்போது மாணவராய் இருந்த மெக்ஃபேடன், எம்மர் மட்டும் அந்நோய்க்கு அசையாமல் நிற்பதைக் கண்டிருந்தார். யாரோஸ்லாவ் என்னும் எம்மரை மார்க்விஸ் என்னும் அப்பக் கோதுமையோடு கலந்தார். 28-ம் 42-ம் கூடிய கலப்பு பெரும்பாலும் மலடாகும். வல்லுநர் பலர் அதனைப் பயனற்ற முயற்சி என்றே எண்ணினர். அரிதாய்ப் பிழைத்த செடிகளைப் பல ஆண்டுகள் பொறுமையோடு தேர்ந்தெடுத்து ஓர் இனத்தை அவர் உருவாக்கினார். அதற்கு இட்ட பெயர் ‘ஹோப்’, அதாவது நம்பிக்கை. அதிலிருந்த எம்மர் மரபணுக்களுள் ஒன்று இன்று எஸ்.ஆர். 2 எனப்படுகிறது. நோயை அது முற்றாகத் தடுப்பதில்லை. அதன் நடையைத் தளர்த்துகிறது. அதனாலேயே போலும், வலிய மரபணுக்கள் பல தோற்ற பின்னும் அது நின்றது. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய கோதுமைகள் வாயிலாக உலகின் வயல்கள் பலவற்றுள் அது புகுந்தது. உமிக்காக ஒதுக்கப்பட்ட தானியம், தன்னை ஒதுக்கிய தானியத்துக்குள் மறைந்திருந்து அதனைக் காத்த வரலாறு இது.

இவ்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஓரிடம் உண்டு. வடபுலச் சமவெளியின் கோடை வெப்பத்தில் துருப்பூசணம் மாய்ந்துவிடும்; ஆயினும் குளிர்காலப் பயிரில் நோய் மீண்டும் தோன்றும். எங்கிருந்து வருகிறது? ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா இவ்வினாவுக்கே தம் வாழ்வைச் செலவிட்டார். அவரது ஆய்வு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இட்டுச்சென்றது. குளிர்ந்த அம்மலைகளில் ஏதேனும் ஒரு பருவத்தில் கோதுமை நின்றுகொண்டே இருந்தமையால், தண்டுத் துருநோயும் அங்குத் தங்கியிருந்தது. 1970-களில் எஸ். நாகராஜனும் உடனாய்வாளரும் அதன் வழியையும் வகுத்துரைத்தனர். பருவகாலப் புயல்களின் காற்று மலையிலிருந்து நோய்த்துகளை ஏந்தி நடு இந்தியாவரை சென்று, மழையோடு வயல்களில் இறக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நோய் தென்மலையில் தங்கியது. மருந்தும் இந்நாட்டிலேயே இருந்தது. கப்ளி எம்மரின் விதை அமெரிக்கா சென்று, 1922-இல் ஸ்டேக்மன், லெவின் என்னும் அறிஞர் இருவர் துருநோயின் வகைகளைப் பகுத்தறியத் தேர்ந்த 12 கோதுமைகளுள் ஒன்றாயிற்று. பிற கோதுமைகள் வீழ்ந்த பல வகை நோய்க்கும் அது நிமிர்ந்து நின்றது. அதில் உள்ள மரபணுக்களுள் ஒன்று எஸ்.ஆர். 13. உகாண்டாவில் 1998-இல் தென்பட்டு, யுஜி 99 எனப் பெயர் பெற்ற புதிய துருநோய், அதுவரை வெல்லப்படாத காவல்களை உடைத்தபோது, அதனை எதிர்க்கவல்லனவாக அறிஞர் தேடிச் சேர்த்த மரபணுக்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

அறிஞர் தேடிவரும்வரை கப்ளியை வைத்திருந்தவர் யார்? சாங்லி, சத்தாரா, பெல்காம், தார்வார் வட்டாரங்களின் உழவர். நோய் எதிர்ப்பு மரபணு என்பதனை அவர்கள் அறியார். கீரும், கோதி ஹுக்கி என்னும் பாயசமும் இதனால் செய்தாலே சுவைக்கும் என்று அறிந்திருந்தனர், அதனால் விதைத்தனர். நாவின் சுவை ஒரு பயிரைக் காத்தது.

விதையைக் காத்தவர் வேறு சிலரும் உளர். உலகெங்கும் சென்று கோதுமை இனங்களைத் திரட்டிய நிக்கொலாய் வவிலோவ், 1940 ஆகஸ்டில் சோவியத் அரசால் சிறைப்படுத்தப்பட்டு, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் மாண்டார். அவர் வளர்த்த நிறுவனம் இருந்த லெனின்கிராடு நகரம் 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை முற்றுகையில் கிடந்தது. நகரம் பட்டினியால் மடிந்தபோது, அந்நிறுவனத்து அறிஞர்கள் தானிய மூட்டைகளுக்கு நடுவே இருந்தும் அவற்றில் ஒரு பிடியையும் உண்ண மறுத்தனர். நெல் தொகுப்பைக் காத்த திமித்ரி இவானோவ் உள்ளிட்ட பலர் பசியால் உயிர்நீத்தனர். பின்வரும் தலைமுறைக்கு உரியதைத் தாம் உண்ணலாகாது என்பதே அவர்தம் அறம். அண்மைக்காலத்திலும் ஒரு சான்று உண்டு. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த வேளாண் ஆய்வு மையம் போரால் இயங்க இயலாமற் போகவே, துருவப் பகுதியின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் தான் முன்னர் வைத்திருந்த படிகளை 2015-இல் மீட்டு, லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் விதைத்தது.

மீண்டும் விதைத்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. சேமித்தல் மட்டும் காத்தல் ஆகாது. எகிப்தியக் கல்லறையில் கிடைத்த கோதுமை முளைத்ததென்ற கதை 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியது. சோதித்தபோதெல்லாம் அது பொய்யே ஆயிற்று. கோதுமையின் முளைதிறன் அத்தனை நீண்ட காலம் நிற்பதில்லை. ஆயினும் முளைக்காத மணியும் பேசும். 1924-இல் எகிப்தில் அகழ்ந்தெடுக்கப்பெற்று, லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் இருந்த ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையான எம்மரின் மரபணுத் தொகுதியை ஆய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். இன்று உயிரோடுள்ள எம்மர்களுள் அதற்கு நெருங்கிய உறவாகத் தெரிந்தவை துருக்கி, ஓமன், இந்தியா ஆகிய நாடுகளில் உள்ளவை. அருங்காட்சியகத்து மணியில் எழுத்து எஞ்சியது, உயிர் எஞ்சவில்லை. அதன் சுற்றத்தார் உயிரோடிருப்பது ஆண்டுதோறும் எவரோ விதைத்தமையால்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழந்தானியம் என்ற பெயரே இன்று விற்பனைச் சொல்லாகிவிட்டது. ஸ்பெல்ட்டிலும் எம்மரிலும் ஐன்கார்னிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் நோயுடையார்க்கு அவை தீங்கே செய்யும். விளைச்சலிலும் இவை இன்றைய கோதுமைக்கு ஈடாகா. பழமை என்பதாலேயே ஒன்றை மருந்தெனப் போற்றுதல், பழமை என்பதாலேயே ஒன்றைத் தள்ளியதைப் போன்ற பிழையே ஆகும். இவற்றின் பெருமைக்கு மிகைக்கூற்று வேண்டுவதில்லை. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள கோதுமை ஆய்வு நிலையமும் தார்வார் வேளாண் பல்கலைக்கழகமும் சாயாத குட்டைச் சம்பா கோதுமை இனங்களை உருவாக்கியுள்ளன. உழவனுக்குக் கட்டுபடியானால் பயிர் வயலில் நிற்கும் என்னும் தெளிவு அப்பணியில் இருக்கிறது.

பத்தாண்டுகள் சொற்களோடு வாழ்ந்த இவ்வட்டத்திற்கு இச்செய்தி புதிதன்று. அகராதியில் உள்ள சொல் பெட்டகத்து விதை, அது வேண்டும். ஆனால் எவரேனும் ஒருவர் அதனைப் பாட்டில் வைத்தோ பேச்சில் வைத்தோ வழங்கினாலன்றி, அது படிக்கத்தக்க மணியாக எஞ்சுமேயன்றி முளைக்கத்தக்க மணியாக எஞ்சாது. எந்தச் சொல் எந்நாளில் எவருக்குத் தேவைப்படும் என்பதை, கப்ளி விதைத்த உழவரைப் போலவே, வழங்குபவர் அறியார். அறியாமலே விதைத்தனர் அவர்கள், சுவைத்ததனால் விதைத்தனர்.

சம்பா கோதுமை வாங்கும் நாளில் அந்த மணியைச் சற்றே கையில் ஏந்திப் பார்த்தால், அதன் உமியை நீக்கிய உழைப்பும், நீக்கவேண்டியிருந்தும் அதனைக் கைவிடாத மனமும் நினைவுக்கு வரட்டும்.